‘அம்மா’வைச் செலவழிக்காதீர்கள்: இந்தி மாற்றாந்தாய்ப் படத்துக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதுவது எப்படி?

சுவரில் மாலை போட்ட படம், அதன் கீழே முதல் மனைவி விட்டுப்போன குழந்தை, வாசலில் புதிதாக வந்து நிற்கும் பெண். இந்தியில் இந்தக் கதையை எத்தனை விதமாகச் சொன்னாலும் கனமெல்லாம் ஒரு நொடியில் வந்து இறங்கும். குழந்தை அவளை முதல்தடவையாக ‘மா’ என்று கூப்பிடும் நொடி அது. தமிழில் டப் செய்யும்போது அந்த நொடிதான் பெரும்பாலும் சப்பென்று போய்விடுகிறது. குரல் கொடுத்தவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. தவறு வசனத்தாளில், அதுவும் முதல் ரீலிலேயே நடந்திருக்கும்.

தமிழில் ‘அம்மா’ பெற்றவளுக்கு மட்டும் உரிய சொல் இல்லை. காய்காரர் ‘என்னம்மா வேணும்’ என்கிறார், டாக்டர் ‘உக்காருங்கம்மா’ என்கிறார், அப்பா மகளிடம் ‘சாப்பிட்டியாம்மா’ என்கிறார், வாட்ச்மேன் ‘வணக்கம்மா’ என்கிறார். இந்தியில் வயதான பெண்ணை ‘மாஜீ’ என்று அழைப்பது உண்டுதான். ஆனால் முப்பது வயதுப் பெண்ணைத் தெருவில் போகிற எவரும் ‘மா’ என்று அழைக்க மாட்டார்கள். அங்கே அந்தச் சொல் கடைசிவரை பூட்டியே இருக்கும். நாமோ பழக்கதோஷத்தில் எல்லார் வசனத்திலும் ஒரு ‘ம்மா’வை ஒட்டி, குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்பே அதை இருபது பேர் சொல்லித் தீர்த்துவிடும்படி செய்துவிடுகிறோம். ஆகவே வேலையின் முதல் நாளிலேயே ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள்: படம் கொடுக்கும்வரை அந்தச் சொல்லை நாம் கொடுப்பதில்லை.

தொடங்குமுன் கையில் வேண்டியவை

தயாரிப்பாளர் தரப்பிலிருந்து நான்கு பொருள்கள் வர வேண்டும்: டைம்கோடு (ஓடும் நேரக்குறி) பதிந்த படம், இந்தி வசனப் பட்டியல், வசனம் நீக்கிய இசை-ஒலி டிராக், இந்திக் குரல்கள் மட்டும் உள்ள டிராக். 140 நிமிடப் படம் என்றால் 20 நிமிடம் வீதம் 7 ரீல்களாகப் பிரித்து வைத்துக்கொண்டால் வேலை ஓடும்.

இசை-ஒலி டிராக்கை முதல் நாளே முழுதாகக் கேட்டுவிடுங்கள். இவ்வகைப் படத்தில் விம்மல், மூக்குறிஞ்சல், தூக்கத்தில் முனகல், அழுகைக்கு முன் இழுக்கும் மூச்சு எல்லாம் ஏராளம். இவை பெரும்பாலும் வசன டிராக்கோடு சேர்ந்திருக்கும். வசனத்தை நீக்கும்போது இவையும் போய்விடும். குழந்தை தோள் குலுங்க அழுகிறது, சத்தமே வரவில்லை என்பது மிக்ஸிங்கில் தெரிந்தால், அதற்குள் அந்தக் குழந்தைக் குரல் வீட்டுக்குப் போயிருக்கும். ஒவ்வொரு விம்மலுக்கும் டைம்கோடு குறித்து, அதையும் ஒரு வசனமாகவே தாளில் எழுதுங்கள்.

வசனப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்காராதீர்கள். தாளில் ‘பேட்டா’ என்று மட்டும்தான் இருக்கும். மகனையும் மகளையும் இந்தியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரைப் பார்த்துச் சொல்கிறாள், சொல்லும்போது முகம் தெரிகிறதா, முதுகா என்பதைப் படம்தான் சொல்லும்.

அழைப்பு அட்டவணை

ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் போட வேண்டிய தாள் இது. யார், யாரை, எந்தக் காட்சியிலிருந்து எந்தக் காட்சிவரை, என்ன சொல்லி அழைக்கிறார்? பக்கத்தில் இன்னொரு கட்டம்: நீயா, நீங்களா?

எடுத்துக்காட்டுக்கு ஒரு கதையை வைத்துக்கொள்வோம். லக்னோவில் ஒரு வீடு. எட்டு வயது ஆரவ், அவன் அப்பாவை மணந்து வந்த நேஹா. ஆரவ்–நேஹா வரிசை இப்படி அமையலாம். முதல் 18 காட்சிகளில் ‘ஆன்ட்டி’. 19 முதல் 41 வரை எந்த அழைப்பும் கிடையாது. 42-இல் காய்ச்சலில் ஆளை மாற்றி ஒருமுறை ‘மம்மி’. 57-இல் ‘மா’.

அந்த 19–41 பகுதியைக் கவனியுங்கள். மனசுக்குள் இழுபறியில் இருக்கும் குழந்தை, எதிரில் இருப்பவரைப் பெயரே சொல்லாமல் பேசும். நல்ல இந்தி எழுத்தாளர்கள் இதை நுணுக்கமாகச் செய்வார்கள்: ‘சுனியே’ (கேளுங்க) என்பான், அல்லது நேரே விஷயத்துக்கு வந்துவிடுவான். தமிழில் எழுதும்போது அந்த வெற்றிடத்தை நிரப்பக் கை துறுதுறுக்கும். உதடு அசையும் நீளத்துக்காக ஒரு ‘ஆன்ட்டி’யைப் போட்டுவிடுவோம். போடாதீர்கள். ‘இங்க பாருங்க’, ‘இது எங்க இருக்கு?’ என்று அழைப்பில்லாமலே நிரப்புங்கள். அந்த மௌனம்தான் உச்சக் காட்சிக்கான வைப்பு நிதி.

அடுத்து, இறந்த தாயை இந்தியில் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெற்றவளுக்கு ‘மம்மி’, வந்தவளுக்குக் கடைசியில் ‘மா’ என்று மூலமே பிரித்து வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். மம்மி மம்மியாகவே இருக்கட்டும். தமிழ் நகரத்துப் பிள்ளைகள் வாயிலும் அந்தச் சொல் உண்டு, அதனால் உறுத்தாது. ‘அம்மா’வும் சேதமாகாமல் இருக்கும். மூலத்தில் இருவருக்கும் ஒரே சொல்லென்றால் தமிழிலும் ஒரே சொல்லாகத்தான் இருக்க வேண்டும். அங்கே கதையே ‘அந்த இடத்துக்கு இன்னொருத்தி வந்துவிட்டாள்’ என்பதுதான்.

ஸ்ரீதேவி நடித்து 2017-இல் வந்து, தமிழிலும் வெளியான ‘மாம்’ படம் இதற்கு நல்ல பாடம். அதில் மாற்றாந்தாய், மகள் படிக்கும் பள்ளியின் ஆசிரியை. மகள் வீட்டிலும் அவளை ‘மேம்’ என்றே அழைப்பாள். மேம் எப்போது மாம் ஆகும் என்பதே கதையின் முதுகெலும்பு. ஒரே ஓர் உயிரொலிதான் வித்தியாசம். இந்த ஜோடியைத் தமிழ்ப்படுத்தி ‘டீச்சர்’, ‘அம்மா’ என்று வைத்தால் பொருள் மிஞ்சும், ஒலியுறவு அறுந்துபோகும். இப்படிப்பட்ட இடத்தில் ஆங்கிலத்தை அப்படியே விடுவதுதான் சரியான தமிழாக்கம்.

‘சித்தி’ என்னும் கண்ணி

தமிழில் அம்மாவின் தங்கை சித்தி, சித்தப்பாவின் மனைவி சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. இந்தியில் மௌசி, சாச்சீ, சௌதேலி மா என்று மூன்று தனித்தனிச் சொற்கள். இந்த வேறுபாட்டை மறந்தால் கதையின் அடித்தளமே ஆட்டம் காணும்.

இறந்த அக்காவின் குழந்தைக்காகத் தங்கையே அத்தானை மணப்பது இந்திக் குடும்பப் படங்களில் பழகிய அமைப்பு. நேற்றுவரை மௌசி, இன்று மா. பெயர் மாற வேண்டும், குழந்தை மாற்ற மறுக்கிறது, அதுதான் மோதல். தமிழிலோ கல்யாணத்துக்கு முன்பும் சித்தி, பின்பும் சித்தி. மோதல் ஓசையின்றி காணாமல் போய்விடும். அதை மீட்க ‘நீ’, ‘நீங்க’ கை கொடுக்கும். கல்யாணத்துக்கு முன் குழந்தை அவளிடம் உரிமையாக ‘சித்தி, நீ வா’ என்று பேசட்டும். கல்யாணத்துக்கு மறுநாள் காலை, அதே குழந்தை ‘நீங்க போங்க’ என்று சொல்லட்டும். ஒரு விகுதி மாறியதில் கதவு அடைபட்டது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து வந்த பெண்ணை ‘சித்தி’ என்று எழுதுவது வேறு ஆபத்து. தமிழ்க் காதில் ‘சித்தி கொடுமை’ ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாக்யராஜின் ‘எங்க சின்ன ராசா’ 1987-இல் வந்து, 1992-இல் இந்தியில் ‘பேட்டா’ ஆனபோது, இங்கிருந்து அங்கே போனதும் சொத்துக்காகச் சூழ்ச்சி செய்யும் மாற்றாந்தாய்தான். அந்த அச்சு அவ்வளவு ஆழம். நீங்கள் கையில் எடுத்திருக்கும் படம் அவளைக் கெட்டவளாகக் காட்டாமல் இருக்கப் பாடுபடுகிறது என்றால், ‘சித்தி’யை அண்டைவீட்டார் வாய்க்கும் உறவுக்காரர் வம்புப் பேச்சுக்கும் ஒதுக்குங்கள். குழந்தையின் வாயில் ‘ஆன்ட்டி’ இருக்கட்டும்.

‘சௌதேலி’க்குப் பேச்சுத்தமிழில் நேர்ச்சொல் இல்லை. ‘மாற்றாந்தாய்’ பாடப்புத்தகத்தில் வாழ்கிறது, ஆத்திரத்தில் யார் வாயிலும் வராது. சொல்லைப் பெயர்க்காமல் குத்தலைப் பெயர்த்துவிடுங்கள். ‘சௌதேலி ஹை நா’ என்று பக்கத்துவீட்டுக்காரி உதட்டைச் சுழித்தால், தமிழில் ‘பெத்தவளா இருந்தா தெரியும்’. ‘சகீ மா’ வந்தால் ‘பெத்த தாய்’. ‘பெத்த’, ‘வளர்த்த’ என்ற இணை தமிழில் உயிரோடு இருக்கிறது. அதையே படம் முழுக்க ஓட விடுங்கள்.

நீ, நீங்க

இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படி, தமிழில் இரண்டுதான். ‘ஆப்’ வந்தால் ‘நீங்க’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. லக்னோ வீட்டுப் பிள்ளை பெற்ற தாயையும் ‘ஆப்’ என்றே அழைக்கும், அது அந்த ஊர் வளர்ப்பு. பெற்ற தாயைப் பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகள் ‘நீ’ என்றுதான் சொல்லும். ஃப்ளாஷ்பேக்கில் மகன் இறந்த தாயிடம் ‘ஆப்’ சொன்னாலும் தமிழில் ‘நீ’ போடுங்கள். புதியவளிடம் ‘நீங்க’. மூலத்தில் இருவருக்கும் ஒரே ‘ஆப்’ இருந்த இடத்தில், மூலத்தில் இல்லாத ஓர் இடைவெளி தமிழுக்குக் கிடைக்கிறது.

அந்த இடைவெளியைக் கடைசிவரை காப்பாற்றினால் உச்சக் காட்சியில் பலன் தெரியும். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். பையன் சொல்கிறான்: ‘மா, மத் ஜாஓ.’ தமிழில் ‘ம்மா, போகாத.’ ‘போகாதீங்க’ இல்லை, ‘போகாத’. அழைப்பும் விகுதியும் ஒரே மூச்சில் மாறுகின்றன. உதடும் அளந்து வைத்ததுபோலப் பொருந்தும்: ‘மா’வுக்கு ‘ம்மா’, ‘மத்’தில் உதடு மூடும் இடத்தில் ‘போ’.

உதடு மூடும் எழுத்துகள்

டப்பிங்கில் கண் பிடிப்பது உயிரெழுத்துகளை அல்ல, உதடு மூடுவதை. இந்தியில் ‘ஃப’ தவிர்த்த ப-வகை ஒலிகள் எல்லாமும் ம-வும் உதட்டை மூடும். தமிழில் அதைச் செய்பவை ‘ப’வும் ‘ம’வும் மட்டுமே. ‘வ’ மேல்பல்லைத் தொடும், மூடாது. ஆகவே க்ளோஸப்பில் இந்தி நடிகையின் உதடு மூடும் இடத்தில் உங்கள் வரியில் ப-வோ ம-வோ வர வேண்டும்.

எல்லா வரிக்கும் இப்படிப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். அதனால் ஷாட்டைப் பார்த்து மூன்று தரமாகப் பிரியுங்கள். முகம் திரையை நிறைக்கும் வரிக்குச் சிவப்புக் கோடு: ஒவ்வொரு மூடலும் பார்க்கப்படும். இடுப்பளவு ஷாட்டுக்கு நீலக்கோடு: வரியின் தொடக்கமும் முடிவும் பொருந்தினால் போதும். முதுகு, தொலைவு, ஆள் தெரியாத குரல் ஆகியவற்றுக்குக் கோடே வேண்டாம், நீளம் மட்டும் பாருங்கள். கடைசி வகை பெரும் சொத்து. தமிழ்ப் பார்வையாளருக்குச் சொல்லித் தீர வேண்டிய விளக்கம் எதுவானாலும் அங்கேதான் நுழைக்க முடியும்.

இவ்வகைப் படத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை முன்பே பொருத்திப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். ‘மம்மி’ உதடு மூடித் தொடங்கும், ‘அம்மா’ திறந்து தொடங்கும், எனவே ஒன்றின் மேல் ஒன்று அமராது. ‘மா’வின் மேல் ‘அம்மா’ அமராது, ‘ம்மா’ கச்சிதமாக அமரும். ‘பேட்டா’வுக்கு ‘கண்ணா’ பொருந்தாது. ‘பட்டு’ பொருந்தும், மகனுக்கும் மகளுக்கும் செல்லும், அதில் ‘ம்மா’வும் இல்லை. ‘மௌசி’ மூடித் தொடங்குவதால் ‘சித்தி’ அப்படியே ஒட்டாது. முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து ‘பாரு சித்தி’ என்றோ ‘ம், சித்தி’ என்றோ சமாளிக்கலாம். ‘தும்’, ‘ஆப்’ இரண்டும் மூடலில் முடிகின்றன, ‘நீ’, ‘நீங்க’ திறந்தே முடிகின்றன. இவை வரியின் கடைசியில் வந்தால் தமிழில் சொல் வரிசையை மாற்றி, ‘ம்’மில் முடியும் வேறொரு சொல்லைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று தலையாட்டல். இந்தியில் ‘நஹீ’ வினைக்கு முன் வரும். நடிகை ‘மைனே நஹீ கியா’ என்னும்போது தலை நடுவிலேயே ஆடிவிடுகிறது. தமிழில் மறுப்பு கடைசியில் ஒரு ‘ல’வாக வரும். ‘நான் பண்ணல’ என்று போட்டால் தலை ஆடி முடிந்த பிறகு மறுப்பு கேட்கும். ‘நான் இல்ல, பண்ணல’ என்று போட்டால் இரண்டு மறுப்பில் ஒன்றாவது தலையோடு சேரும். நீளமும் சரியாக இருக்கும்.

ஒரு காட்சியை உட்கார்ந்து செய்துபார்ப்போம்

காட்சி 42. இரவு. ஆரவுக்குக் காய்ச்சல். நேஹா நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருக்கிறாள். அவன் கண் திறக்காமல் முனகுகிறான். இந்தி வரிகள் இவை:

‘மம்மீ… பானீ.’
(தண்ணீர் ஊட்டுகிறாள். கண் திறக்கிறான்.)
‘ஆப் ஹைன்? முஜே லகா மம்மீ ஆயீ ஹைன்.’
‘மம்மீ நே ஹீ பேஜா ஹை. பீ லோ, பேட்டா.’

வேகமாகச் செய்தால் தாளில் இறங்குவது இதுதான்:

‘அம்மா… தண்ணி.’
‘நீங்களா? அம்மா வந்துட்டாங்கன்னு நெனச்சேன்.’
‘அம்மாதான் என்னை அனுப்பினாங்க. குடிச்சுக்கோம்மா.’

பொருளில் குறையே இல்லை. ஆனால் மூன்று வரிக்குள் நான்கு முறை ‘அம்மா’ போய்விட்டது. அதில் கடைசி, அவளே பையனைப் பார்த்துச் சொல்வது. முதல் வரி உலர்ந்த உதட்டின் மீது க்ளோஸப், ‘அ’ என்று திறந்து தொடங்கினால் அடித்துக்கொண்டு தெரியும். மூன்றாம் வரியின் முதல் வாக்கியம் மூலத்தில் ஏழு அசை (சிலபிள்), இங்கே பத்து.

திருத்திய வடிவம்:

‘மம்மி… ம்… தண்ணி.’
‘நீங்களா? நான் மம்மியோன்னு நெனச்சேன்.’
‘மம்மிதான் அனுப்புனாங்க. ம், குடி பட்டு.’

‘பானீ’யின் மூடலை முனகல் ‘ம்’ ஏற்றுக்கொள்கிறது. காய்ச்சல்காரப் பிள்ளை அப்படித்தான் முனகும். ‘மம்மியோன்னு’ என்பதில் இருக்கும் அந்த ஓகாரம் தூக்கக் கலக்கத்தையும் ஆசையையும் சேர்த்துத் தருகிறது, எட்டு அசையில் முடிகிறது, மூலம் ஒன்பது. ‘அனுப்புனாங்க’வில் உள்ள ‘ப்பு’ சரியாக ‘பேஜா’ மேல் விழும். ‘அனுப்புனா’ என்றால் ஓர் அசை குறையும், இருந்தாலும் மூத்தவளைப் பற்றி இளையவள் பேசும் மரியாதை போய்விடும், எனவே ‘ங்க’ இருக்கட்டும். ‘பீ லோ’வின் தொடக்க மூடலை இன்னொரு ‘ம்’ எடுத்துக்கொள்கிறது. ‘ஆப்’பின் மூடலும் ‘முஜே’யின் தொடக்க மூடலும் தப்பியிருக்கின்றன. அவற்றைக் கட்டிப்பிடிக்க வேண்டாம், ‘நீங்களா’ அந்த இடத்துக்கு அத்தனை அவசியம். மூன்று மூடலில் இரண்டு பொருந்தினால் கண் நம்பிவிடும்.

நோன்பு, படிவம், தாலாட்டு

இந்திக் குடும்பப் படத்தில் கர்வா சௌத் வந்தால் நம்மவர்களுக்கு இப்போது தெரியும். அஹோயி அஷ்டமி தெரியாது. கர்வா சௌத்துக்கு நான்கு நாள் கழித்து, தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு, வடமாநிலத் தாய்மார்கள் பிள்ளைகளுக்காக இருக்கும் நோன்பு அது. சாயங்காலம் நட்சத்திரம் பார்த்துத்தான் விரதம் முடிப்பார்கள். பெறாத பிள்ளைக்காக ஒருத்தி அந்த நோன்பை இருக்கலாமா என்று மாமியார் கேட்கும் காட்சி இருந்தால், அதை வரலட்சுமி நோன்பாக மாற்றிவிடாதீர்கள். திரையில் அவள் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்து நீர் வார்க்கிறாள். காதில் ஒரு நோன்பும் கண்ணில் ஒரு நோன்பும் ஓடினால் இரண்டுமே நம்பப்படாது. பெயரை அப்படியே வைத்து, முதுகு தெரியும் ஏதாவது ஒரு வரியில் ‘பெத்த புள்ளைக்காக இருக்கற விரதம்’ என்று போட்டால் போதும். மாமியாரின் ஆட்சேபம் தானே புரிந்துவிடும்.

ஆஸ்பத்திரிக் காட்சியில் ‘கார்டியன் கௌன் ஹை?’ என்று கேட்டால் ‘பெத்தவங்க யாரு?’ என்று மாற்றத் தோன்றும். வேண்டாம். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளரைச் சொல்லும் 6-ஆம் பிரிவில், தந்தை, தாய் என்பவற்றில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்க மாட்டார்கள் என்று விளக்கம் தருகிறது. படிவத்துக்கு முன்னால் அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்குவதற்குப் பின்னால் இந்தச் சட்டம் இருக்கிறது. ‘கார்டியன் யாரு?’ என்றே எழுதுங்கள். தமிழகத்து ஆஸ்பத்திரிகளிலும் அந்தச் சொல்தான் புழங்குகிறது.

எழுத்து தெரியும் ஷாட்டுகளைத் தனியாகப் பட்டியலிடுங்கள். சி.பி.எஸ்.இ. மதிப்பெண் சான்றிதழில் தாயின் பெயர் அச்சாகும். பத்து வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அந்தத் தாளில் இன்னொருத்தியின் பெயரைத் தடவிப் பார்க்கும் ஷாட்டில் வசனமே இருக்காது. அந்தத் தாளை வாசிக்க முடியாதவருக்கு அது வெறும் காகிதம். கீழே ‘தாயார் பெயர்’ என்று தமிழ் எழுத்து வர ஏற்பாடு செய்யச் சொல்லி, டைம்கோடோடு குறிப்பு அனுப்புங்கள்.

தாலாட்டு படத்தில் இரண்டு முறை வரும், முதலில் இறந்தவள் பாடுவாள், பிறகு வந்தவள் அரைகுறையாக முணுமுணுப்பாள். பாடலாசிரியர் எழுதிய தமிழ் வரிகள் கைக்கு வந்த பிறகே இரண்டாவது இடத்தை எழுதுங்கள். ஒரு சொல் மாறினாலும் அது வேறு பாட்டாகிவிடும். நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது ‘சந்தா மாமா’ வந்தால் ‘அம்புலி மாமா’ தயாராக இருக்கிறது. நிலாவைத் தாய்மாமன் ஆக்கும் உறவு இரண்டு மொழியிலும் ஒன்றே. அந்தச் சொல்லை வந்தவள் சொல்கிறாள் என்றால் தாய்வழி உறவை அவள் கையில் எடுத்துக்கொள்கிறாள் என்று பொருள், ஆகவே வெறும் ‘நிலா’வாக்கிச் சுருக்க வேண்டாம்.

குரலும் ரெக்கார்டிங்கும்

மாற்றாந்தாய்க்குக் குரல் தேர்வு செய்யும்போது அவளுடைய கோபக் காட்சியை வைத்து டெஸ்ட் எடுக்காதீர்கள். டிபன் டப்பாவை மூடிக்கொண்டே ‘பள்ளிக்கூடத்துல சாப்பிட்டுடணும்’ என்று சொல்லும் சாதாரண வரியை வையுங்கள். கண்டிப்பும் தயக்கமும் ஒரே வரியில் கேட்டால் அவரே சரியானவர். கண்டிப்பு மட்டும் கேட்டால், நீங்கள் வசனத்தில் தவிர்த்த ‘சித்தி கொடுமை’ குரல் வழியாக உள்ளே வந்துவிடும். இறந்த தாயின் குரல் இவரிடமிருந்து தெளிவாக வேறுபட வேண்டும், ஏனென்றால் ஃபோனில் பதிந்த குரலாகவும் கனவாகவும் முகமில்லாமல் அவள் வந்துகொண்டே இருப்பாள்.

எட்டு வயதுப் பாத்திரத்துக்கு நிஜக் குழந்தையின் குரலே நல்லது. பெரியவர்கள் குழந்தைக் குரலில் பேசினால் சிரிப்பு தேறும், விம்மல் தேறாது. குழந்தைக் கலைஞர்களுக்கான மத்திய விதிகளின்படி ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவெளியில்லாமல் 3 மணிக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். தொண்டை அதற்கு முன்பே களைத்துவிடும், எனவே 2 மணி நேர அமர்வுகளாக வைத்துக்கொள்ளுங்கள். அழுகையை ஒவ்வொரு அமர்வின் கடைசியில் வையுங்கள், அழுதபின் குரல் அன்றைக்குத் திரும்பாது. கதை வரிசையிலேயே பதியுங்கள். ‘ஆன்ட்டி’யை நாலு நாள் சொல்லிப் பழகிய குழந்தை ஐந்தாம் நாள் ‘ம்மா’ சொல்லும்போது அதில் வரும் கூச்சத்தைச் சொல்லிக்கொடுத்து வாங்க முடியாது. உச்சக் காட்சிக்கு மட்டும் இரண்டு குரல்களையும் ஒன்றாக நிறுத்திப் பதிய முயலுங்கள். தனித்தனியாக எடுத்தால் ஒருவர் மூச்சுக்கு மற்றவர் மூச்சு பதில் சொல்லாது.

ஒரு லூப் (ஒரே தடவையில் ஓட்டிப் பதியும் துண்டு) 10 விநாடிக்குள் இருக்கட்டும். 24 ஃபிரேம் ஓட்டத்தில் ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லி விநாடி. ஒலி ஒன்றிரண்டு ஃபிரேம் பிந்தினால் கண் பொறுத்துக்கொள்ளும், முந்தினால் பொறுக்காது. வெளி உலகத்தில் உதட்டைப் பார்த்த பிறகே ஒலி வந்து சேர்கிறது, கண்ணுக்கு அந்தப் பழக்கம். எனவே எடிட்டரிடம் சந்தேகமான இடங்களைப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். தமிழ்ப் பதிப்புக்குத் தனியாகத் தணிக்கைச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதால், விண்ணப்பத்துக்கான தமிழ் வசனத்தாள் ரெக்கார்டிங்கில் மாறிய வரிகளோடு திருத்தப்பட்டதாக இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் பென்சிலால் மாற்றியதை அன்றன்றே தட்டச்சில் ஏற்றிவிடுங்கள்.

மிக்ஸிங்குக்குப் போகும் முன், முதல் ரீலிலிருந்து உச்சக் காட்சிவரை ஓடவிட்டு, கையில் ஒரு தாளோடு உட்கார்ந்து எண்ணுங்கள். நேஹாவை யாராவது ‘அம்மா’ என்றோ ‘ம்மா’ என்றோ அழைத்தால் ஒரு கோடு. தாளில் எழுதாவிட்டாலும் குரல் கொடுத்தவர்கள் வாய்ப்பழக்கத்தில் சேர்த்திருப்பார்கள். ஆட்டோக்காரர் ‘எங்கம்மா போகணும்’ என்றிருப்பார், நர்ஸ் ‘கையெழுத்துப் போடுங்கம்மா’ என்றிருப்பார், மாமனார் ‘டீ குடும்மா’ என்றிருப்பார். ‘எங்க போகணும் மேடம்’, ‘இங்க ஒரு கையெழுத்து’, ‘ஒரு டீ கிடைக்குமா நேஹா’. இவ்வளவுதான் மாற்றம். ஒவ்வொன்றையும் திரும்பப் பதிய ஐந்து நிமிடம்கூட ஆகாது. கோடு ஒன்றுகூட விழாமல் ஓடும்வரை 57-ஆம் காட்சியை மிக்ஸிங்குக்கு அனுப்பாதீர்கள்.